நாலு சீசன் முன்னாடியே ஜெயிச்சுட்டாங்க பாஸ்!

ராத்திரி ஒன்றரை மணிக்கு ஹாஸ்டல் டி.வி. ஹால்ல சேர் பிடிச்சு, கம்பளிக்குள்ள சுருண்டுக்கிட்டு சாம்பியன்ஸ் லீக் பார்க்கிற ஆசாமியா நீங்க? ரியல் மாட்ரிட்டோட ரிசர்வ் கோல்கீப்பர் பேர் வரைக்கும் ஒப்பிப்பீங்களா? வெரிகுட். உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. ஐ-லீக்னு நம்ம நாட்டுல ஒரு கால்பந்து லீக் இருக்கே... அந்தக் கோப்பையைத் தமிழ்நாட்டு கிளப் ஒண்ணு ஜெயிச்சிருக்கு. எது? எப்போ?

'சென்னையின் எஃப்.சி.!'னு கையைத் தூக்கினவங்க கொஞ்சம் உட்காருங்க. அவங்க 2015லயும் 2017-18லயும் ஜெயிச்சது ஐ.எஸ்.எல். அபிஷேக் பச்சன், தோனினு ஓனர் லிஸ்ட்டே ஜொலிக்கும். நான் கேட்கிறது அந்த வெளிச்சம் படாத ஐ-லீக். 2018-19 சீசன். கிளப் பேரு சென்னை சிட்டி எஃப்.சி. பேருதான் சென்னை, சொந்த மைதானமா வெச்சு ஆடினது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல. வ.உ.சி. பார்க்குக்குப் பக்கத்துல இருக்கே, அதே ஸ்டேடியம்தான். நீலகிரியில படிக்கிற நமக்கு பஸ்ல ஏறி, பர்லியார்ல டீ குடிச்சு, மேட்டுப்பாளையம் தாண்டினா வந்துடும். நம்ம மலையடிவாரத்துல நடந்த சமாசாரம் இது. கேன்டீன்ல பத்து பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தருக்குக்கூடத் தெரியலை.

அந்த சீசனைக் கொஞ்சம் ரீவைண்ட் பண்ணலாமா?

முந்தைய வருஷம், 2017-18ல, பத்து அணிகள்ல எட்டாவது இடம். யாரும் சீந்தலை. அடுத்த சீசனுக்கு சிங்கப்பூர்ல இருந்து அக்பர் நவாஸ்னு ஒரு கோச் வந்தார். ஸ்பெயின் நாட்டு கீழ்மட்ட லீக்குகள்ல ஆடிக்கிட்டு இருந்த நாலு பேரைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. பெத்ரோ மான்ஸி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா. பெரிய பேர் எதுவும் இல்லை. கூடவே எட்வின் சிட்னி மாதிரி நம்ம தமிழ்ப் பசங்க. இதை வெச்சு என்ன கிழிச்சுடப் போறாங்கன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

2018 அக்டோபர்ல சீசனோட முதல் மேட்ச், கோவையில. எதிர்ல இந்தியன் ஆரோஸ். சென்னை சிட்டி 4, ஆரோஸ் 1. மான்ஸிக்கு ஹாட்ரிக்! அதுக்கப்புறம் அந்த மனுஷன் நிக்கவே இல்லை. சீசன் முடியறப்ப மொத்தம் 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸோட வில்லிஸ் பிளாஸாவும் அதே 21. ரெண்டு பேரும்தான் டாப் ஸ்கோரர். ஈஸ்ட் பெங்கால்னா கொல்கத்தாவே கொண்டாடுற கிளப். அவங்களை ரெண்டு தடவையும் சென்னை சிட்டி தோற்கடிச்சது.

அப்படியும் விஷயம் சுலபமா முடியலை. கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்னிக்கு சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில சென்னை சிட்டிக்கு எதிரா மினர்வா பஞ்சாப். அதே நேரத்துல கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரா கோகுலம் கேரளா. மினர்வா லேசுப்பட்ட டீம் இல்லை, முந்தைய வருஷ சாம்பியன். மேட்ச் ஆரம்பிச்ச சில நிமிஷத்துலயே கோல் போட்டுட்டாங்க. ஸ்டேடியம் கப்சிப். ரெண்டாவது பாதியில மான்ஸி பெனால்டில ஒண்ணு போட்டு சமன் செய்தார். அடுத்த ரெண்டையும் போட்டது யார் தெரியுமா? ஸ்பெயின்காரர் யாரும் இல்லை. அஸ்ஸாமைச் சேர்ந்த கௌரவ் போரானு ஒரு டிஃபென்டர்! 3-1. அங்கே கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்காலும் முதல்ல பின்தங்கி, அப்புறம் 2-1னு ஜெயிச்சுட்டாங்க. கணக்கைப் போட்டுப் பாருங்க. 43க்கு 42. கோவை மேட்ச் டிரா ஆகியிருந்தா கோப்பை கொல்கத்தாவுக்குப் பறந்திருக்கும்.

இவ்வளவு பரபரப்பையும் எத்தனை பேர் பார்த்தாங்க? அந்த சீசனோட பிற்பாதியில ஐ-லீக் மேட்ச் எல்லாத்தையும் டி.வி.யில காட்டவே இல்லை. தெரியாததுக்கு நம்ம கேன்டீன் பசங்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இப்போ கோப்பையைத் தூக்கியாச்சு. அடுத்து என்ன? இங்கிலாந்தா இருந்தா கீழ் லீக்ல ஜெயிச்சவங்க மேல் லீக்குக்குப் போவாங்க, மேலே தோத்தவங்க கீழே வருவாங்க. செமஸ்டர் மாதிரி. இங்கே அப்படி இல்லை. அப்போ ஐ.எஸ்.எல்.லும் ஐ-லீக்கும் ஒரே நேரத்துல பக்கத்துப் பக்கத்துல ஓடிக்கிட்டு இருந்தது. எது முதல் தர லீக்னு கேட்டா ஆளுக்கொரு பதில். ஆனா காசு, கேமரா, ஸ்டார் எல்லாம் ஐ.எஸ்.எல். பக்கம். அங்கே போக சென்னை சிட்டிக்கு வழியே கிடையாது. இருபது மேட்ச் ஆடி முதல் இடம் வந்தாலும் அதே படிக்கட்டுலதான் உட்காரணும்.

2019 அக்டோபர்ல ஆசிய கால்பந்து கூட்டமைப்பு பஞ்சாயத்து பண்ணி ஒரு வழி சொன்னது. ஐ.எஸ்.எல்.தான் இனிமே முதல் தரம். ஐ-லீக் ரெண்டாம் தரம். ஆனா 2022-23 சீசன்ல இருந்து ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல். கதவு திறக்கும். நல்ல தீர்ப்புதான். நம்ம ஆட்கள்தான் நாலு சீசன் முன்னாடியே ஜெயிச்சுத் தொலைச்சுட்டாங்க!

கைக்குக் கிடைச்சது ஆசிய சாம்பியன்ஸ் லீக்குக்கான ஒரு தகுதிச் சுற்று. 2020 ஜனவரியில பஹ்ரைனோட ரிஃபா கிளப்கூட மேட்ச். அதையும் கோவையில வைக்க முடியலை, அகமதாபாத்ல ஆடினாங்க. 0-1னு தோல்வி. அதே மாசம் மான்ஸி ஜப்பானுக்குக் கிளம்பிட்டார். மார்ச்ல கொரோனா வந்து லீக்கையே பாதியில நிறுத்திச்சு. 2020-21 சீசன் முழுக்க வங்காளத்துலயே, பூட்டின ஸ்டேடியத்துல நடந்தது. 2021-22 ஐ-லீக் அட்டவணையை எடுத்துப் பாருங்க. சென்னை சிட்டி பேரே இருக்காது.

இனிமே வர்றதுதான் எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம். மார்ச் 9 அன்னிக்குக் கோவையில தோத்துட்டு பஸ் ஏறினாங்களே மினர்வா பஞ்சாப், அந்த கிளப்பை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிச்சு. பேரை மாத்திச்சு. 2022-23ல, அதாவது கதவு திறந்த முதல் சீசன்லயே, அவங்க ஐ-லீக் சாம்பியன். நேரா ஐ.எஸ்.எல்.! இப்போ பஞ்சாப் எஃப்.சி.னு சொல்றாங்களே, அதே ஆட்கள்தான். ரெண்டாவது வந்த ஈஸ்ட் பெங்கால் 2020லயே ஐ.எஸ்.எல்.லுக்குப் போயாச்சு. கோழிக்கோட்டுல தோத்த கோகுலம் 2020-21, 2021-22னு ரெண்டு வருஷம் தொடர்ந்து ஐ-லீக் சாம்பியன். அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு ஊர்ல ஆடின நாலு அணிகள்ல மூணு இருக்கு. கப் ஜெயிச்ச அணி மட்டும் இல்லை.

ஏன் இப்படினு கேட்டா, ஒரு வரியில சொல்ல முடியாது. ஆனா செலவுக் கணக்கை நீங்களே யூகிக்கலாம். அந்த சீசன்ல மொத்தம் 11 அணிகள். கோவையில இருந்து ஸ்ரீநகர் போகணும், இம்பால் போகணும், ஐஸ்வால், ஷில்லாங், கொல்கத்தா ரெண்டு தடவை, கோவா, ஒடிசா, பஞ்ச்குலா. பக்கத்துல இருந்த ஒரே ஊர் கோழிக்கோடு! இத்தனைக்கும் பிளைட், ஹோட்டல், சம்பளம். டிக்கெட் வசூல்ல இதையெல்லாம் ஓட்ட முடியுமா? 2019 பிப்ரவரியில சுவிட்சர்லாந்தோட பாஸல் கிளப் 26 சதவிகிதப் பங்கு வாங்கினப்போ எல்லாரும் ஜோரா கைதட்டினாங்க. அதுவும் காப்பாத்தலை. மேலே போற வழி இருந்திருந்தா, பணம் போடறவங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்கிறது என் எண்ணம்.

சரி, இதுக்கு ஊட்டியில உட்கார்ந்துக்கிட்டு நீ ஏம்ப்பா ஃபீல் பண்றேன்னு கேட்கலாம். காரணம் இருக்கு.

வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் வாசல்ல எத்தனை தடவை பஸ்ல போயிருப்பீங்க? அந்த எம்.ஆர்.சி. கால்பந்து அணி 1955லயும் 1958லயும் டூரண்ட் கோப்பையை ஜெயிச்சிருக்கு. டூரண்ட்னா சும்மா இல்லை, 1888ல ஆரம்பிச்ச, ஆசியாவோட ரொம்பப் பழைய கால்பந்துப் போட்டி. அந்த அணியோட கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்காரர். ராணுவத்துக்கு வந்த புதுசுல ஃபார்வர்டா ஆடினவர், அப்புறம்தான் கோல் போஸ்ட்டுக்குக் கீழே போய் நின்னார். 1956 மெல்போர்ன், 1960 ரோம்னு ரெண்டு ஒலிம்பிக்ஸ். 1962 ஆசியப் போட்டியில தங்கம் வாங்கின இந்திய அணியிலயும் இருந்தவர். இந்த மலையோட பேர் கால்பந்துல நாடு முழுக்கக் கேட்ட காலம் அது.

இன்னொரு விஷயம். ஊட்டியோட உயரம் சுமார் 2,240 மீட்டர். மெக்ஸிகோ சிட்டியோட உயரமும் கிட்டத்தட்ட அதேதான்! 1970ல பீலேவும், 1986ல மரடோனாவும் உலகக் கோப்பையைத் தூக்கினது அந்த ஊர் அஸ்டெக்கா ஸ்டேடியத்துல. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிக்கிற புண்ணியவான்களுக்குப் புரியும். இந்த உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் அஞ்சுல ஒரு பங்கு கம்மி. பந்துக்குத் தடை குறையும், வேகமாப் பறக்கும். கீழே இருந்து வர்ற டீமுக்கு இருபது நிமிஷத்துல நாக்கு தள்ளும். எங்க காலேஜ் கிரவுண்டுல இன்டர்-காலேஜ் மேட்ச் ஆட வர்ற சமவெளிப் பசங்களைப் பார்த்தா பாவமா இருக்கும். ஓடி முடிச்சு இடுப்புல கை வெச்சுக்கிட்டு நிக்கிறப்ப, மூடுபனியில பந்து எங்கேன்னும் தெரியாது.

ஆனா மலையில ஒரு சங்கடம், சமதளம் கிடையாது. கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல வளர்ந்த ரூம்மேட் ஒருத்தன் எங்க டீமோட லெஃப்ட் விங். லைன் வீடுகளுக்குப் பக்கத்துல இருந்த கால்வாசி கிரவுண்டுல கத்துக்கிட்டவன். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு, கீழே தேயிலை. பந்து சரிவுல போச்சுன்னா மேட்ச் பத்து நிமிஷம் நிக்கும். அதனாலயே அவன் பந்தைக் காலை விட்டு நகர விடமாட்டான். கூடலூர் பக்கம் போனா வேற உலகம். எல்லைக்கு அந்தப் பக்கம் மலப்புரம், செவன்ஸ் ஆட்டம்னா உயிரை விடற ஊர். அந்தக் காய்ச்சல் இந்தப் பக்கமும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

மலையூர் கிளப் தேசிய லீக்ல ஜெயிக்குமான்னு சந்தேகமா? ஐஸ்வாலைப் பாருங்க. மிஸோரம் தலைநகர், நம்ம ஊட்டியில பாதி உயரம். 2015-16ல ஐ-லீக்ல இருந்து கீழே தள்ளப்பட்ட கிளப். மறுபடி இடம் கொடுத்தாங்க. அடுத்த சீசனே, 2017 ஏப்ரல் 30 அன்னிக்கு ஷில்லாங்ல 1-1னு டிரா செஞ்சு சாம்பியன்! மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி ஜாஸ்தி. வடகிழக்குல இருந்து அந்தக் கோப்பையை ஜெயிச்ச முதல் கிளப். அதுக்கு முன்னாடி 2012லயே அவங்க மிஸோரம் பிரீமியர் லீக்னு ஒண்ணு ஆரம்பிச்சிருந்தாங்க. உள்ளூர் கேபிள் டி.வி. ஸ்பான்சர். ஊரே ராத்திரி உட்கார்ந்து உள்ளூர்ப் பசங்களைப் பார்க்கும். மேலே இருக்கிற கிளப் தடுக்கி விழுந்தாலும், கீழே ஏணி இருந்தது.

நம்ம பக்கம் ஏணியோட மேல்படி மட்டும் மூணு நாலு வருஷம் கோவையில தொங்கிச்சு, அவ்வளவுதான். அது இருந்தப்போ என் ரூம்மேட் ஸ்கூல் படிச்சுக்கிட்டு இருந்தான். நல்லா ஆடினா மூணு மணி நேர பஸ் தூரத்துல ஒரு தேசிய லீக் கிளப்போட டிரையல்ஸுக்குப் போய் நிக்கலாம்னு அப்போ ஒருத்தரும் அவன்கிட்ட சொல்லலை. இப்போ அவனுக்குத் தெரியும், கிளப் இல்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஆப்டிடியூட் புக் புரட்டிக்கிட்டு இருக்கான்.

மாவட்டக் கால்பந்துக் கழகத்தோட லீக் மேட்ச்களும், எஸ்டேட் டோர்னமென்ட்களும் மழை விட்ட மாசங்கள்ல நடக்கத்தான் செய்யுது. ஒரு ஞாயித்துக்கிழமை பொட்டானிக்கல் கார்டன் பக்கம் சுத்துறதை விட்டுட்டு அங்கே போய்ப் பாருங்களேன். மஃப்ளர் கட்டாயம். கேலரி எல்லாம் எதிர்பார்க்காதீங்க, மண்மேட்டுல நின்னுக்கலாம். பந்து தேயிலைக்குள்ள உருண்டு வந்தா எடுத்துக் கொடுக்கணும். மேலே நிக்கிறவன் கத்துவான்.