அவலட்சணத்துக்கு ஆயுசு கெட்டி

டைம் இதழ் 2010இல் உலகின் மிக மோசமான 50 கண்டுபிடிப்புகளைப் பட்டியலிட்டபோது அதில் ஒரு காலணியும் இருந்தது. உப்பிய முன்பக்கம், அதில் 13 துளைகள், குதிகாலில் ஒரு பட்டை. க்ராக்ஸ்தான். அதை மாட்டிக்கொண்டு திரிகிறவர்களே அழகு என்று சொல்வதில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 2021இல் 230 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

பிறந்த இடத்தில் அழகுக்கு வேலையே இல்லை. கனடாவின் கியூபெக்கில் ஒரு நிறுவனம் நுரைக் காலணி செய்துகொண்டிருந்தது. கொலராடோவைச் சேர்ந்த மூன்று நண்பர்கள் அதைப் படகு ஓட்டுகிறவர்களுக்கென்று எடுத்து, 2002 நவம்பரில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் படகுக் கண்காட்சியில் விற்பனைக்கு வைத்தார்கள். கொண்டுபோன 200 ஜோடியும் தீர்ந்தது. நனைந்த தளத்தில் வழுக்கக் கூடாது, தண்ணீரில் ஊறக் கூடாது, கழுவினால் பளிச்சென்று ஆக வேண்டும். படகுக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

இதையெல்லாம் தருவது அதன் நுரை. க்ராஸ்லைட் என்று நிறுவனம் பெயர் வைத்திருந்தாலும், அடிப்படையில் அது எத்திலீன் வினைல் அசிட்டேட் குடும்பத்துப் பொருள்தான். ஓட்டக் காலணிகளின் நடு அட்டையிலும் இதே குடும்பம்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் மணிகளோடு, சூடானால் வாயு விடும் வேதிப்பொருளையும், மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் பெராக்சைடையும் கலந்து, சூடான அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். வாயு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அச்சைத் திறந்த நொடியில் காலணி பூரி மாதிரி உப்பி, அச்சைவிடப் பெரிதாக வெளியே வரும். வாயு தங்கிய கோடிக்கணக்கான நுண்ணறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியிருப்பதால் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. கனமும் இல்லை.

உருவத்துக்கும் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அச்சை விட்டு வந்த பிறகு விரிகிற பொருளில் மெல்லிய விளிம்பும் கூரான மடிப்பும் எடுப்பது கடினம். தோல் காலணியைப் போல வெட்டி, தைத்து, இழுத்து நேர்த்தி செய்யவும் முடியாது. அடியும் மேலும் ஒரே வார்ப்பு. தடித்து உருண்டுதான் வரும்.

மறுபாதிக் காரணம் நம் பாதம். மனிதப் பாதம் விரல் பக்கம் அகன்றது. நாகரிகக் காலணிகளோ அங்கேதான் ஒடுங்குகின்றன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அந்த ஊரின் இடைக்காலக் கல்லறைகளில் கிடைத்த 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு புடைத்து நிற்கும் கோளாறு 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதத்தினருக்கு இருந்தது. கூர்மூக்குக் காலணி மோகம் பரவிய 14, 15ஆம் நூற்றாண்டுகளில் அது 27 சதவீதம். அழகுக்கு அவர்கள் எலும்பாலேயே விலை கொடுத்திருக்கிறார்கள். க்ராக்ஸ் விரல்களை அவற்றின் போக்கில் விட்டுவிடுகிறது.

சுகம் மட்டும் போதுமென்றால் க்ராக்ஸ் இடையில் விழுந்திருக்கக் கூடாது. 2007இல் 75 டாலரைத் தொட்ட நிறுவனத்தின் பங்கு, அடுத்த ஆண்டே ஒரு டாலர் அளவுக்குச் சரிந்தது. 2008இல் நட்டம் 18.5 கோடி டாலர். அங்கிருந்து எழுந்ததற்கு உளவியலில் ஒரு பழைய விளக்கம் உண்டு. எந்தப் பொருளும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டினார். எனக்கு அது மட்டும் போதுமானதாகத் தெரியவில்லை. கண்ணுக்குப் பழகியும் காணாமல் போன காலணிகள் எத்தனையோ.

ஆய்வாளர் லுடோவிகா செசாரியோவும் சகாக்களும் செய்த ஆய்வு இன்னும் நெருங்கி வருகிறது. தனித்துத் தெரியும் விகாரமான பொருளைச் சாதாரண நிறுவனம் செய்தால் மக்கள் ஒதுக்குகிறார்கள். ஆடம்பர நிறுவனம் செய்தால் விரும்புகிறார்கள். அழகானதை யாரும் அணியலாம். அசிங்கமானதைத் துணிந்து அணிய, ‘இவருக்கு விஷயம் தெரியும்’ என்று பிறர் நினைப்பார்கள் என்ற தெம்பு வேண்டும். ஆடம்பர ஃபேஷன் நிறுவனமான பலென்சியாகா 2017இல் பாரிஸ் மேடையில் ஏற்றிய உயர அடி க்ராக்ஸின் விலை 850 டாலர். முன்பதிவிலேயே தீர்ந்துபோனது. பிறகு கொரோனா வந்து எல்லாரையும் வீட்டில் உட்கார வைத்தது. கேலி பேசப் பக்கத்தில் ஆள் இல்லை.

க்ராக்ஸ் நாள் முழுக்கப் போட்டு நடக்க ஏற்றதல்ல என்று பாத மருத்துவர்கள் பலர் எச்சரிக்கிறார்கள். குதிகாலுக்குப் பிடிமானம் போதாததால், கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் நின்று வேலை செய்யும் செவிலியரும் சமையல்காரர்களும் விடுவதாக இல்லை.

அந்த நுரைக்கு ஒரே பகை சூடு. வெப்பம் ஏறினால் பிளாஸ்டிக் இளகி, காலணி சுருங்கிப்போகும். அமெரிக்காவில் இதற்காக வழக்கே போட்டார்கள். அந்தக் காலணி இப்போது நம் ஊர் வெயிலுக்கே வந்துவிட்டது; 2023 முதல் பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டிலும் க்ராக்ஸ் தயாராகிறது. சித்திரை வெயிலில் ஒரு ஜோடியைக் காருக்குள் பூட்டி வைத்தால், அடுத்த முறை தம்பி காலுக்குத்தான் சேரும்.