எல்லையில் நிற்கும் ஓர் எண்

எண்களை அவற்றின் இயல்புக்கேற்ப ஒற்றை எண், இரட்டை எண், பகு எண், பகா எண் எனக் கணித அறிஞர்கள் வகைப்படுத்தியுள்ளனர். ஒரே எண் பல வகைகளில் இடம்பெறுவதும் உண்டு. 2,147,483,647 என்னும் எண் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கோடிக் கணக்கில் கூறினால், இது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 ஆகும்.

முதலாவதாக, இஃது ஒற்றை எண். இரண்டாவதாக, 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவதால் இது பகா எண். மூன்றாவதாக, இது மெர்சென் பகா எண். 2-ஐ 2-ஆல் மீண்டும் மீண்டும் பெருக்கி, வரும் விடையிலிருந்து 1-ஐக் கழித்தால் சில வேளைகளில் பகா எண் கிடைக்கும். அவ்வாறு கிடைப்பவையே மெர்சென் பகா எண்கள். 3, 7, 31 ஆகியவை இவ்வகையைச் சார்ந்த சிறிய எண்கள். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் 2,147,483,647 கிடைக்கும்.

இது பகா எண்தான் என்பதை 1772-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தவர், சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்ட் ஆய்லர். அப்போது அவர் கண்பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்தார். ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்ப்பதென்றால், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட எண்களைச் சோதிக்க வேண்டும். ஆனால், இவ்வெண்ணை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணையும் 248-ஆல் வகுத்தால், மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்கும் என்று ஆய்லர் கண்டறிந்தார். அதனால், நானூற்றுக்கும் குறைவான எண்களைச் சோதித்தாலே போதும் என்ற நிலை ஏற்பட்டது.

ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணிலிருந்தும் ஒரு நிறைவெண்ணை உருவாக்கலாம். தன்னைத் தவிர்த்த மற்ற வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணே நிறைவெண் ஆகும். எடுத்துக்காட்டாக, 6 = 1 + 2 + 3. ஆய்லர் ஆராய்ந்த எண்ணிலிருந்து கிடைத்த நிறைவெண்ணை விடப் பெரியதை எவரும் தேட முற்படமாட்டார்கள் என்று 1811-இல் ஆங்கிலேய அறிஞர் பீட்டர் பார்லோ எழுதினார். இத்தகைய எண்கள் வியப்பூட்டுமே தவிர, பயன் தருவன அல்ல என்பது அவர் கருத்து.

கணினியின் வருகை அக்கருத்தை மாற்றியது. கணினி எல்லா எண்களையும் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் பதிவு செய்கிறது. ஓர் எண்ணுக்கு 32 இலக்க இடம் ஒதுக்கப்படும்போது, வழக்கமாக ஓர் இடம் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். எஞ்சிய 31 இடங்களில் பதியக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647 ஆகும். 2014-ஆம் ஆண்டில் 'கங்னம் ஸ்டைல்' காணொளியின் பார்வை எண்ணிக்கை இவ்வெல்லையைத் தாண்டியது. யூடியூப் 64 இலக்க முறைக்கு மாறியதால் எண்ணிக்கை தடையின்றித் தொடர்ந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உள்ளது. பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்துபோன நொடிகளை எண்ணியே நேரத்தைக் கணிக்கின்றன. மலேசிய நேரப்படி 2038 ஜனவரி 19, காலை மணி 11:14:07-க்கு அவ்வெண்ணிக்கை 2,147,483,647-ஐ எட்டும். 32 இலக்க முறையையே நம்பியிருக்கும் பழைய கருவிகள், அடுத்த நொடியில் 1901-ஆம் ஆண்டைக் காட்டக்கூடும். அதனைத் தவிர்க்கவே பொறியியலாளர்கள் அவற்றை 64 இலக்க முறைக்கு மாற்றி வருகின்றனர்.