முகம் வெளுக்கக் களிம்பு, அடிபடுவது சிறுநீரகம்!

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் பேன்சி ஸ்டோர் கண்ணில் படாமல் இருக்காது. வளையல், ரிப்பன், மருதாணிக் கோன் இவற்றோடு கண்ணாடி அலமாரியில் முகத்துக்குப் பூசும் க்ரீம் டப்பாக்களும் அடுக்கியிருக்கும். கார்மெண்ட் வேலைக்குப் போகும் பெண்கள், கல்லூரி மாணவிகள், கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் தாய்மார்கள் எல்லோரும் வாங்குகிறார்கள். இந்த விஷயத்தில் வாலிபர்களும் இப்போது சளைத்தவர்கள் அல்ல.

"பெண் நல்ல நிறமா?" என்று கேட்காத சம்பந்தப் பேச்சு நம்மவர்களிடையே அபூர்வம். சேலத்திலும் வேலூரிலும் கேட்ட அந்தக் கேள்வி, மூட்டை முடிச்சோடு பெங்களூருக்கும் வந்துவிட்டது. மாப்பிள்ளை என்ன நிறம் என்று பெண் வீட்டார் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்!

இந்த ஆசையை வைத்துத்தான் "ஒரே வாரத்தில் சிவப்பு" என்று சொல்லி விற்கும் களிம்புகள் பிழைக்கின்றன. எல்லாக் க்ரீமும் விஷம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பேர் தெரியாத சில களிம்புகளில் நிஜமாகவே ஒரு வாரத்தில் முகம் வெளுக்கிறது. அப்படி வெளுத்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். காரணம், பாதரசம்.

நகை படக்கூடாதாம்!

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். அதை உடம்பு தயாரிக்க ஒரு என்சைம் தேவை. பாதரச உப்பு அந்த என்சைமை முடக்கிவிடுகிறது. மெலனின் குறைகிறது, முகம் வெளுக்கிறது. பூசுவதை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பிவிடும். அதனால் ஒரு டப்பா வாங்கியவர் அடுத்த டப்பாவும் வாங்கத்தான் வேண்டும்.

சில வெளிநாட்டுக் களிம்புகளின் டப்பாவில், "தங்கம், வெள்ளி, அலுமினியம் மீது படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று அச்சடித்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக் கலந்துவிடும் என்பது நகைப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கழுத்துச் சங்கிலிக்கு ஆகாது என்று எழுதி விற்கும் சரக்கைக் கன்னத்தில் பூசிக்கொள்கிறார்கள்!

பாதரசம் தோலின் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. ஆவியாகி மூச்சோடும் உள்ளே போகிறது. கடைசியில் அது போய்த் தங்கும் முக்கிய இடம் சிறுநீரகம். பூசாதவர்களும் தப்புவதில்லை. 2010-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் ஐந்து வீடுகளைச் சோதித்தபோது, களிம்பையே தொடாத குழந்தைகள் உடம்பிலும் பாதரசம் இருந்தது. ஒரே துண்டு, ஒரே தலையணை, தாயின் கன்னத்தோடு ஒட்டிப் படுக்கும் கைக்குழந்தை. நம் ஒற்றை அறை வீடுகளில் இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மலப்புரத்தில் தெரிந்த உண்மை

பக்கத்து மாநிலமான கேரளத்தில் இது வெட்டவெளிச்சமாகிவிட்டது. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் ஆஸ்பத்திரிக்கு, 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, ஒரே வகையான சிறுநீரகக் கோளாறோடு 22 பேர் வந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகும் நோய் அது. காலும் முகமும் வீங்கும். சிறுநீர் நுரை நுரையாகப் போகும்.

அந்த 22 பேரில் 15 பேருக்கு வந்தது அரிதான ஒரு வகை. டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்ததில், 15 பேரில் 13 பேர் நோய் வருவதற்கு முன்பு சிவப்பழகுக் களிம்பு பூசி வந்ததை ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கு மூளை ரத்தக் குழாயிலேயே ரத்தம் உறைந்துவிட்டது. சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் என்ற இரண்டு டாக்டர்கள் இதைச் சிறுநீரகம் பற்றிய சர்வதேச மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள்.

ஆறுதலான சங்கதி ஒன்றும் அதில் உண்டு. களிம்பை நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு நோய் தணிந்துவிட்டது.

கேரள அரசு 2023-ல் "ஆபரேஷன் சௌந்தர்யா" என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை தொடங்கி, லைசென்ஸ் இல்லாத அழகுச் சாதனங்களைப் பறிமுதல் செய்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ம் ஆண்டு அழகுச் சாதன விதிகளின்படி, தெரியாமல் கலந்துவிடும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது ஆயிரம் கிலோ களிம்பில் ஒரு கிராம். கண்ணுக்குப் பூசும் மைக்கு மட்டும், கெடாமல் இருப்பதற்காக, 70 பங்கு வரை அனுமதி.

2019-ல் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து 12 நாடுகளில் 158 களிம்புகளை வாங்கிச் சோதித்தன. 95 களிம்புகள் இந்த வரம்பைத் தாண்டியிருந்தன. மிகக் கொடியதில் இருந்தது பத்து லட்சத்தில் 1,30,000 பங்கு. நூறு கிராமுக்கு 13 கிராம் பாதரசம்! இவற்றில் பெரும்பாலானவை இன்டர்நெட் மூலம் வாங்கியவை.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றது. ஜப்பானில் பாதரசக் கழிவு கலந்த கடல் மீனைத் தின்று கை கால் விளங்காமல் போன மக்களின் ஊர்ப் பெயர்தான் மினமாட்டா. உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023 நவம்பரில் கூடி, அந்த ஒரு பங்குச் சலுகையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுச் சாதனங்களை 2025-க்குள் அடியோடு ஒழிப்பது என்று முடிவு செய்தன. கண் மைக்கும் விலக்கு இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் "முகத்துக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் ஆயின்மெண்ட் தனிக் கதை. அதில் பல ஸ்டீராய்டு மருந்துகள். முதலில் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, பெண்கள் முகத்தில் ரோமமும் வளரும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. உத்தரவு போட்டால் போதுமா?

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

வாங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காசு கொடுப்பதற்கு முன் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது. தயாரித்த கம்பெனியின் முழு விலாசம், "எம்" எழுத்தோடு தொடங்கும் லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்பது, கலந்த பொருள்களின் பட்டியல் இவை இருந்தாக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இந்தியாவில் பதிவு செய்த நம்பரும், பதிவு பெற்றவரின் விலாசமும் வேண்டும். பட்டியலில் மெர்குரி, கலோமெல் என்ற சொற்கள் கண்ணில் பட்டால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பியூட்டி பார்லரில் பெரிய டப்பாவிலிருந்து சின்ன டப்பாவில் எடுத்துக் கொடுக்கும் களிம்புக்கு இந்த எதுவும் கிடையாது. "துபாயிலிருந்து மச்சான் கொண்டு வந்தது" என்பதும் லைசென்ஸ் ஆகாது.

ஏற்கெனவே பூசி வருபவர்களுக்குக் கால் வீக்கமோ, நுரைத்த சிறுநீரோ இருந்தால் உடனே பூசுவதை நிறுத்திவிட்டு, சிறுநீரில் ஆல்புமின் பார்க்க வேண்டும். சாதாரண லேபிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை இது. தோல் கோளாறுக்குச் சிவாஜி நகர் பௌரிங் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. சிறுநீரகத்துக்கென்றே விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு நிறுவனம் ஒன்று உண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் என்ன பூசினோம் என்பதை மறைக்கக்கூடாது. கேரள டாக்டர்கள் அதைக் கேட்டு வாங்கத்தான் அவ்வளவு பாடுபட்டார்கள். மீதமுள்ள களிம்பைக் குப்பையில் எறியாமல், டப்பாவோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி டாக்டரிடம் எடுத்துப் போக வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுப்பதானாலும் அந்த டப்பாதான் சாட்சி.