இருபத்தொரு சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள்
ஆய்வுக்கூடத்துக்கு வெளியே – 6

கால அட்டவணை போடுவது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். திட்ட மேலாண்மைப் பயிற்சிக்கு வரும் விஞ்ஞானிகள் அதைச் சுலபமாகவே பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் இடறுவது அடுத்த பாடத்தில்: திட்டத்துக்கு எல்லை கட்டுவது. 'இன்னும் கொஞ்சம் துல்லியமாக' என்பது ஆய்வுக்கூடத்தில் நல்ல பழக்கம். பட்ஜெட்டும் கெடுவும் உள்ள வேலையில் அதுவே வினையாகிவிடும்.

எல்லை கட்டத் தெரிந்தவர்களின் கைவேலையைப் பார்க்க, புனேயிலிருந்து நாசிக் சாலையில் 80 கிலோமீட்டர் போக வேண்டும். நாராயண்காவுக்குப் பக்கத்தில் கோடத் கிராமத்தில் இருக்கிறது ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள். 14 டிஷ்கள் நடுவில் நெருக்கமாக நிற்க, மற்ற 16-உம் மூன்று கைகளாக 25 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கின்றன.

இதை முன்னின்று கட்டியவர் கோவிந்த் ஸ்வரூப். ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவையே தாங்கியாக்கி, 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை 1970-இல் நிறுவியவரும் அவரே.

அவ்வளவு பெரிய டிஷ்ஷைத் தகட்டால் மூடினால் எடை ஏறும். காற்று பிடித்துத் தள்ளும். அதைத் தாங்கக் கோபுரம், மோட்டார், அஸ்திவாரம் எல்லாமே பெருக்கும். செலவும் கூடவே ஏறும். ஸ்வரூப் குழு பிடிக்க நினைத்ததோ மீட்டர் அளவிலான நீண்ட அலைகளை. அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளைகள் இருந்தால் வலையும் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். ஆகவே 0.55 மி.மீ. எஃகுக் கம்பியில் வலை பின்னி, இழுத்துக் கட்டிய கம்பி வடங்களில் பொருத்தினார்கள். துளை நடுவில் 10 மி.மீ., ஓரத்தில் 20 மி.மீ. காற்று வலைக்குள் புகுந்து போய்விடும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலைக்குச் சற்றுக் கீழேயே இந்த டிஷ்களின் திறன் முடிந்துவிடும். அதற்கும் குறுகிய அலைகளில் நடக்கும் வானியலை அவர்கள் தெரிந்தேதான் விட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லை கட்டியது எஃகில். 2001-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தொலைநோக்கியைப் பிற்பாடு மேம்படுத்தியபோது, அதே டிஷ்களில் ஏற்பிகளையும் மின்னணுவியலையும் மாற்றி, இடைவெளிவிட்டிருந்த அலைவரிசைகளை ஏறக்குறைய தொடர்ச்சியாக்கினார்கள். பின்னால் மாற்ற முடியாததற்கு முதலிலேயே கறாரான வரம்பு. மாற்றக்கூடியதற்கு வளர இடம்.

உங்கள் திட்ட அறிக்கையிலும் நோக்கங்களுக்குக் கீழே ஒரு பத்தி சேருங்கள்: 'இந்தத் திட்டம் செய்யாதவை'. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை விடுவதால் மிச்சமாகும் பணத்தையும் மாதங்களையும் எழுதுங்கள். எதிரே எழுத எதுவும் இல்லையென்றால், நீங்கள் இன்னும் எதையும் விடவில்லை.

அடுத்த வாரம்: எஸ்.கே.ஏ. என்ற உலகத் தொலைநோக்கியின் கட்டுப்பாட்டு அமைப்பை வடிவமைக்க, புனேயின் என்.சி.ஆர்.ஏ. வானியல் ஆய்வு மையம் பல நாட்டுக் குழுவுக்குத் தலைமை ஏற்றது. குழு ஒரே கூரையின் கீழ் இல்லாதபோது யார் எதற்குப் பொறுப்பு?