அம்மம்மாவின் வரலாறு எங்கே?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த 31ஆம் நாள் நினைவு மலர் கொடுப்பது நெடுநாள் வழக்கம். தேவார திருவாசகங்கள், வாழ்க்கைக் குறிப்பு, வம்சவரிசை எல்லாம் அதில் இருக்கும். 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்கள் அழிந்த மண்ணில் இந்தச் சிறு மலர்களும் வரலாற்று ஆவணங்களே. ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் அவற்றைத் தேடி மின்வடிவில் சேமிப்பது அதனால்தான். ஆனால் ஆண்களின் மலர்களில் படிப்பு, பதவி, இடமாற்றம் என்று ஆண்டுவாரியாக விவரம் வரும். பெண்களின் மலர்களிலோ பெரும்பாலும் அன்பு, பொறுமை, விருந்தோம்பல் என்ற புகழ்ச்சொற்களே மிஞ்சுகின்றன. எந்த அம்மம்மாவுக்கும் பொருந்தும் சொற்கள் எந்த அம்மம்மாவையும் காட்டுவதில்லை.

வீட்டோடு இருந்தவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மண்ணெண்ணெய் அரிதாகிப்போன போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்கவைத்தது யார்? 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது எதை எடுத்துக்கொண்டு புறப்படுவது என்று முடிவுசெய்தது யார்? பனம்பழத்தில் பனாட்டும் பனங்கிழங்கில் ஒடியலும் பக்குவம் பார்த்துச் செய்தது, சீட்டுக் கட்டி மகளின் படிப்புச் செலவைச் சமாளித்தது எல்லாம் உழைப்பும் அறிவும்தான். துக்க வீட்டில் விவரம் சேகரிப்பது முறையா என்ற தயக்கம் நியாயமானது. 31 நாளும் போதாது. ஆகவே அம்மம்மா உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். ஆண்டு, ஊர், தொழில், எடுத்த முடிவுகள் ஆகியவற்றை அவர் வாய்மொழியாகவே பதிவுசெய்து வையுங்கள்.