இடுப்பு வலிக்கு மலை மட்டும் காரணமில்லை

மூணாறு, தேவிகுளம் லயங்களில் விடிகாலையில் 'இடுப்பு பிடிச்சிருக்கு' என்று சொல்லாத பெண்கள் குறைவு. முப்பது வருடம் சரிவில் நின்று கொழுந்து எடுத்த உடம்பு. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து, தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை போடுகிறவர் அந்த வலியை அப்படி விட்டுவிடக் கூடாது.

எலும்பு உயிருள்ள திசு. பழையதை அரித்தெடுக்கும் செல்களும் புதிதாகப் பூசும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசுவில் அது கொஞ்சம் ஊறும். ஹார்மோன் சார்ந்த புற்றுக்கு அதுவே தீனி என்பதால் லெட்ரோசோலும் அனஸ்ட்ரோசோலும் அந்த ஊற்றையும் அடைக்கின்றன. புற்று பட்டினி கிடக்கிறது, கூடவே எலும்பும் கரைகிறது. 5 வருடம், சிலருக்கு அதற்கு மேலும் போட வேண்டிய மாத்திரை இது. வலிக்கிறதே என்று நாமாக நிறுத்துவது ஆபத்து. கீமோவில் மாதவிடாய் சீக்கிரமே நின்றுபோன இளம்பெண்களுக்கும் இந்தக் கரைவு உண்டு.

முதுகெலும்பு நசுங்க, கீழே விழ வேண்டும் என்பதில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினாலே போதும். சத்தமில்லாமல் உயரம் குறையும். போன வருடம் சரியாக இருந்த சேலை இந்த வருடம் தரையில் இழுபட்டால், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். டெக்சா ஸ்கேன் எடுத்தால் எலும்பின் அடர்த்தி தெரிந்துவிடும். அதில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை.

எலும்புக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு, புற்று அங்கே பரவுவது. 1889-ல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். புற்று கண்ட இடத்தில் பரவவில்லை. எலும்பு போன்ற சில இடங்களையே நாடியது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். தோட்டத்தில் உழைப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த மண்ணை விதைக்கு ஒவ்வாததாக்க முடியும் என்று 2015-ல் தெளிவானது. 18,766 பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மாதவிடாய் நின்றவர்களுக்கு சோலிட்ரோனிக் அமிலம் போன்ற எலும்பு மருந்துகள் எலும்பில் புற்று திரும்புவதை 28 சதவீதமும், புற்றால் நேரும் மரணத்தை 18 சதவீதமும் குறைத்திருந்தன. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் மருந்து. மாதவிடாய் நிற்காதவர்களிடம் இந்தப் பலன் காணப்படவில்லை.

டிரிப்புக்கு முன் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். வெற்றிலை, புகையிலை போடும் வாயில் சொத்தைப் பல் சாதாரணம். மருந்து ஏறிய பிறகு பல்லைப் பிடுங்கினால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும். வைட்டமின் டி குறைவையும் முதலிலேயே சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென இறங்கும். தோலில் வெயில் பட்டால்தான் அந்த வைட்டமின் ஊறும். மூணாறிலோ மழைக்காலம் முழுக்க மூடுபனி. வெயில் அடித்தாலும் கொழுந்து எடுப்பவர்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். சமவெளியில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெயில் கொளுத்துகிறது. ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நோயாளிக்கு அதனால் என்ன பயன்? கால்சியத்துக்கு அட்டப்பாடிக்காரர்களின் ராகி கைகொடுக்கும். நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. ஒரு நாள் தேவை 1,000 முதல் 1,200 வரை. களியோடு மோரும் கீரையும் சேர்ந்தால் பாதிக்கு மேல் தேறும். மிச்சத்துக்கு மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார்.

எனக்குப் பெரிய கவலை வேறு. அறுவைச் சிகிச்சை கோயம்புத்தூரில், மாத்திரை தேனியில், பல் வைத்தியம் அடிமாலியில் என்று எல்லை தாண்டிச் சிதறும் சிகிச்சையில், எலும்பைப் பற்றி யார் கேட்பது? எல்லாச் சீட்டுகளும் ஒரே பையில் இருக்கட்டும். 'என் எலும்புக்கு என்ன செய்யப் போறீங்க டாக்டர்?' என்று மாத்திரை தொடங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். எலும்பு கரைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான டெனோசுமாப் ஊசி போடுகிறவர்கள் தேதியில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஊசி தள்ளிப்போனால், அடங்கியிருந்த எலும்பரிப்பு மூர்க்கமாகத் திரும்பி முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கக்கூடும். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைச்சாலை அடைபடும் ஊர்க்காரர்கள், தவணை அந்த மாதங்களில் வருமானால், மலையிலேயே எங்கே போட்டுக்கொள்ளலாம் என்று சித்திரையிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.