குப்பைக்குப் போகும் பாதிப் பழம்

ஆரஞ்சைப் பிழிந்து சாறெடுத்த பிறகு மிஞ்சுவது தோல், சக்கை, விதை. எடை போட்டுப் பார்த்தால் பழத்தில் ஏறக்குறையப் பாதி. வீட்டில் இது ஒரு கைப்பிடிக் குப்பை. பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்து ஜூஸ் ஆலைகளில் மலை. ஈரத்தோல் சீக்கிரமே புளித்து நாறும். உயிரி எரிவாயுக் கலனில் கொட்டலாமென்றால், தோலின் எண்ணெய் அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்களையே முடக்கிப்போடும். அதனால் பெரும்பகுதியை உலர்த்தி மாட்டுத் தீவனமாக்குகிறார்கள்.

மாட்டுக்குப் போகிற இந்தத் தோல் மனுஷன் மனசுக்கும் உதவுமா? கொஞ்ச காலமாக ஆய்வாளர்கள் கேட்டுவரும் கேள்வி இது.

சுண்ணாம்பு செய்யும் வேலை

தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்கிறதே, அந்த எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன். அடியில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும் பகுதியில் ஹெஸ்பெரிடின் என்ற ஃபிளேவனாய்டு நிறைய இருக்கிறது. சுளையைத் தின்னும்போது நாம் பொறுமையாக உரித்தெறியும் அதே வெள்ளைதான். 1828-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் லெப்ரெட்டோன் இதைப் பிரித்தெடுத்துவிட்டார்.

எடுக்கும் முறையில் பெரிய மாயமில்லை. நறுக்கிய தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்தால் ஹெஸ்பெரிடின் கரைந்து இறங்கும். வடிகட்டி, அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் வெளிர்நிறப் படிகமாக அடியில் தங்கும். ஒலியலைகளையும் அழுத்தமேற்றிய கரியமில வாயுவையும் கொண்டு தோலின் சத்துகளைப் பிரிக்கும் புது முறைகளும் வந்துவிட்டன. ஹெஸ்பெரிடினிலிருந்து தயாராகும் டயோஸ்மின், மூலத்துக்கும் கால் நரம்புச் சுருட்டலுக்கும் மாத்திரையாக மருந்துக்கடையில் கிடைக்கிறது. ஆக, தோலிலிருந்து மருந்து என்பது ஏற்கெனவே நடக்கிற வியாபாரம்.

மனசு வரை போகுமா?

2000-ல் வெளியான வியன்னா ஆய்வு ஒன்று சுவாரசியமானது. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஆரஞ்சு எண்ணெயின் வாசனையைப் பரவவிட்டார்கள். மொத்தம் 72 நோயாளிகள். வாசனை அறையில் இருந்த பெண்களுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. பல் பிடுங்கப் போகும் பயத்தைக் கொஞ்சம் தணித்தது சரி. அதை வைத்து மனச்சோர்வு நோய்க்கு மருந்து என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது, 2015-ல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு. ஆரோக்கியமான முதியவர்கள் 37 பேர், எட்டு வாரம், தினமும் அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறு. அதில் ஹெஸ்பெரிடின் வகைப் பொருள்கள் 305 மில்லிகிராம். அவை குறைந்த பானத்தைக் குடித்த காலத்தைவிட, இந்தச் சாற்றைக் குடித்த காலத்தில் நினைவு, கவனச் சோதனைகளை அவர்கள் மொத்தத்தில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் மனநிலையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. விளம்பரம் எழுதுகிறவர்கள் முதல் செய்தியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவார்கள்.

இன்னொரு சிக்கல் வயிற்றில் இருக்கிறது. ஹெஸ்பெரிடினோடு ஒரு சர்க்கரைக் கூறு ஒட்டியிருப்பதால் சிறுகுடல் அதை அப்படியே உறிஞ்சாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை வெட்டிவிட்ட பிறகே பெரும்பகுதி ரத்தத்தில் சேரும். அந்தக் கூட்டம் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே அளவு சாப்பிட்டாலும் உங்களுக்குச் சேர்வது வேறு, எனக்குச் சேர்வது வேறு. மாத்திரைக் குப்பியில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தாலும் மூளைக்கு எட்டுவது எவ்வளவு என்பதை அது சொல்லாது.

கவனிக்க வேண்டியவை

கடையில் பளபளக்கும் பழத்தின் மேல் மெழுகும் பூஞ்சைக்கொல்லியும் பூசியிருக்கலாம். அவை தங்குமிடம் தோல்தான். சத்தைத் திரட்டும்போது நஞ்சும் கூடவே திரண்டுவிடாமல் பார்க்க வேண்டும். தவிர, எலுமிச்சைக் குடும்பம் மாத்திரைகளோடு விளையாடும். கிரேப்ஃப்ரூட் சாறு, பதற்றத்துக்குத் தரப்படும் பஸ்பிரோன் மருந்தின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும். மனநல சிகிச்சையில் இருப்பவர்கள் எந்தத் தோல் சாரத்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

எண்ணெய், பெக்டின், மருந்து மூலப்பொருள் என்று தோலுக்கு இன்றைக்கே விலை இருக்கிறது. மனசுக்கான கணக்கு இன்னும் முடியவில்லை. நார்த்தங்காயைத் தோலோடு சுருள் சுருளாக நறுக்கி, உப்பிட்டு, வெயிலில் காயவைத்த பாட்டிகள், காய்ச்சலில் செத்துப்போன நாக்குக்கும் தயிர்சாதத்துக்கும் ஆகும் என்றார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தோலை வீணாக்காமல் இருப்பதை மட்டுமல்ல, அந்த அளவான பேச்சையும் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.